ஆண்டு தெரிந்தால் போதும்

நாணயம் சேகரிப்பவர்களில் ஒரு சிறு கூட்டம் உண்டு. மற்றவர்கள் அச்சிலிருந்து அப்போதுதான் விழுந்த மாதிரிப் பளபளக்கும் காசைத் தேடி ஓடும்போது இவர்கள் எதிர்த்திசையில் நடக்கிறார்கள். முகம் அழிந்து, எழுத்து அழிந்து, விளிம்பு சப்பையாகி, இன்னும் கொஞ்சம் தேய்ந்தால் வெறும் தகடு என்று தூக்கிப் போட்டுவிடக்கூடிய காசுதான் இவர்களுக்கு வேண்டும். அதைச் சும்மா டப்பாவில் போட்டு வைப்பதும் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்பி, கட்டணம் கட்டி, இதற்குக் கீழே ஒரு தரம் கிடையாது என்று எழுதி வாங்கி, பிளாஸ்டிக் உறையில் அடைத்து வைக்கிறார்கள். பல நேரம் அந்தக் கட்டணம் காசின் விலையைவிட அதிகம். ஆங்கிலத்தில் இந்தப் பழக்கத்துக்கு லோபால் என்று பெயர். பி.சி.ஜி.எஸ். என்ற நிறுவனத்தின் பதிவேட்டில் இவர்களுக்கென்று தனிப் பட்டியலே இருக்கிறது. மற்ற பட்டியல்களில் அதிக எண் எடுத்தவர் முதலிடம். இதில் குறைந்த எண் எடுத்தவர்.

எனக்கு இதில் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது. இரண்டும் ஏன் சேர்ந்து வருகின்றன என்று யோசிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எண்களின் கதை. இன்று பரவலாகப் புழங்கும் 1 முதல் 70 வரையிலான அளவுகோலை உருவாக்கியவர் வில்லியம் ஷெல்டன். தொடக்ககால அமெரிக்கச் செப்பு சென்ட்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1949இல் வந்தது, அதில்தான் இந்த அளவுகோல் இருக்கிறது. அடிநிலையில் இருக்கும் 1794ஆம் ஆண்டு சென்ட் ஒரு டாலருக்குப் போனால், ஆகச் சிறந்த நிலையில் இருக்கும் அதே சென்ட் 70 டாலருக்குப் போகும் என்பது அவர் கணக்கு. அந்த விலை விகிதம் எப்போதோ காலாவதியாகிவிட்டது, எண்கள் மட்டும் தங்கிவிட்டன. 70 என்றால் குறையே இல்லாதது. 1 என்றால் 'புவர்', மோசம்.

1 வாங்குவது சுலபம் என்று தோன்றும். அப்படியில்லை. காசு என்ன வகை என்று தெரிய வேண்டும், ஆண்டை வாசிக்க முடிய வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் எண்ணே கிடையாது. ஓட்டை போட்டது, வளைத்தது, அரம் போட்டு ராவியது எதுவும் சேராது. மூளியான காசுக்கு இந்த வரிசையில் இடமில்லை. கைமாறிக் கைமாறித் தேய்ந்ததாக மட்டுமே இருக்க வேண்டும். அதாவது 1 என்பது வாசலுக்கு உள்பக்கம் நிற்கும் கடைசி ஆள். ஒரு அடி பின்னால் போனால் அவன் வெளியே.

ஷெல்டனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விஷயம் காசோடு நிற்பதில்லை. அவர் தொழிலால் உளவியலாளர். மனித உடல்களை மூன்று கூறாகப் பார்த்து, ஒவ்வொரு கூறுக்கும் 1 முதல் 7 வரை எண் போட்டு, அந்த மூன்று எண்களை வைத்து ஒருவருடைய குணத்தையே சொல்லிவிடலாம் என்று நம்பினார். அதற்காக அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் மாணவர்களை நிர்வாணமாக நிறுத்தி எடுத்த படங்களைப் பயன்படுத்தினார். அந்த ஆய்வு பிற்பாடு அறிவியலாக நிற்கவில்லை. 1977இல் அவர் இறந்த பிறகு இன்னொன்றும் வெளியே வந்தது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நல்ல சென்ட்களை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தரம் குறைந்தவற்றை வைத்திருக்கிறார். காசுக்கும் மனிதனுக்கும் தரம் போட்ட அதே கைதான் இதையும் செய்தது.

நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளன். பேரிங், கியர், புஷ் என்று தேய்மானம்தான் எனக்குச் சோறு போடுகிறது. உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் படித்த ஆர்ச்சர்டின் விதி (1953) இன்னும் மறக்கவில்லை. இரண்டு பரப்புகள் உராயும்போது இழக்கப்படும் பொருளின் அளவு, அழுத்தும் சுமைக்கும் உராய்ந்த தூரத்துக்கும் நேர்விகிதம், பொருளின் கடினத்துக்கு எதிர்விகிதம். காசுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். விரல் அழுத்தும் சுமை ஒன்றுமே இல்லை. தூரம்தான் எல்லாம். சட்டைப் பை, சுருக்குப் பை, மளிகைக் கடைக் கல்லா, கோயில் உண்டியல், மறுபடி ஒரு பை. நடுவில் வியர்வை, மண் துகள், பக்கத்துக் காசின் விளிம்பு. முதலில் மன்னரின் கன்னமும் தலைமுடியும் போகும், அவைதான் மேடான இடங்கள். காசின் விளிம்பை உயர்த்தி அச்சடிப்பதே உள்ளே இருக்கும் உருவத்தைக் காப்பாற்றத்தான். விளிம்பு சமமாகிவிட்டால் பிறகு எல்லாம் வேகமாகப் போய்விடும்.

இங்கிலாந்தின் பொருளியலாளர் ஜெவோன்ஸ் 1868இல் புழக்கத்தில் இருந்த தங்கக் காசுகளை ஆராய்ந்து, ஒரு சவரன் சுமார் 18 வருடத்தில் சட்டம் அனுமதிக்கும் எடைக்குக் கீழே போய்விடுகிறது என்று கணக்குச் சொன்னார். அந்த 18 வருடத்தில் ஒவ்வொரு கையும் கண்ணுக்குத் தெரியாத அளவு எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த கைக்குக் கொடுத்திருக்கிறது. யாரும் திருடவில்லை. யாருக்கும் லாபமும் இல்லை.

எங்கள் தொழிற்சாலையில் டூல்மேக்கராக இருக்கும் அண்ணன் ஒருவரிடம் இந்த லோபால் சமாச்சாரத்தைச் சொன்னேன். "என்னா தம்பி, இதுக்கா இவ்ளோ வெள்ளி? டம்ளர்ல கல்லோட போட்டு ஒரு வாரம் சுத்த விட்டா நானே பத்து பண்ணித் தரேன்" என்றார். அவர் சொன்னது வெறும் கிண்டல் இல்லை. அப்படிச் செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் இயந்திரத்தில் சுற்றிய காசு மேடு பள்ளம் பார்க்காமல் எல்லா இடமும் ஒரே மாதிரி மழுங்கிப் போகும். கையில் தேய்ந்த காசில் மேடு மட்டும் வழுவழுப்பாக இருக்கும், பள்ளத்தில் பழைய அழுக்கும் கருமையும் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆனால் கெட்டிக்காரன் ஒருவன் இதையும் தாண்டிவிடுகிறான் என்றே வைத்துக்கொள்வோம். எந்த நுண்ணோக்கியிலும் வேறுபாடு தெரியாத இரண்டு காசுகள். ஒன்று அறுபது வருடம் கைகளில் சுற்றியது. மற்றது ஒரு வாரம் டம்ளரில் சுற்றியது. வித்தியாசம் உண்டா?

உண்டு என்றே நினைக்கிறேன், ஆனால் அது உலோகத்தில் இல்லை. தேய்ந்த காசு ஒரு சாட்சி. இத்தனை பேர் என்னைக் கொடுத்து வாங்கினார்கள், அரிசி வாங்கினார்கள், கடன் அடைத்தார்கள் என்று அது சொல்கிறது. டம்ளர் காசும் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறது, ஒரு எழுத்து பிசகாமல். முதலாவது உண்மை, இரண்டாவது பொய். ஒரே வாக்கியம் ஒருவர் வாயில் உண்மையாகவும் இன்னொருவர் வாயில் பொய்யாகவும் இருக்க முடியும் என்பதை நாம் தினமும் பார்க்கிறோம், காசுக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

இதில் நடுவில் ஒரு ரகம் உண்டு. நல்ல காசு ஒன்றைத் தன் பாக்கெட்டிலேயே இருபது வருடம் போட்டுக்கொண்டு திரிந்து, மெல்ல மெல்லத் தேய வைக்கும் சேகரிப்பாளர்கள். இவர்களை எங்கே வைப்பது? இயந்திரம் இல்லை, ஏமாற்று இல்லை, கைதான். ஆனாலும் ஏதோ இடிக்கிறது. நார்வேக்காரரான யோன் எல்ஸ்டர் 1983இல் ஒரு நூலில் சொன்ன கருத்து இங்கே உதவும். சில நிலைகள் வேறு எதையோ செய்யும்போது பக்க விளைவாக மட்டுமே வரும், அவற்றையே குறி வைத்தால் வராது. தூக்கம் அப்படி. தூங்கியே ஆக வேண்டும் என்று முயன்றால் விடியும்வரை விழித்திருக்கலாம். அடக்கமும் அப்படி. நான் எவ்வளவு அடக்கமாக இருக்கிறேன் பார் என்று நினைத்த நொடியில் அது போய்விட்டது. காசின் தேய்மானமும் இந்த ரகம்தான். காசைத் தேய்க்க வேண்டும் என்று யாரும் நினைக்காதபோது மட்டுமே அது காசின் தேய்மானம். மற்றபடி அது ஒரு மனிதருடைய பாக்கெட்டின் தேய்மானம். அதையும் சேகரிக்கலாம், தப்பில்லை.

இதுவரை காசு. இனி கை.

கேமரன் மலை. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் வந்து போனதால் அந்தப் பெயர். ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். காட்டை அழித்து, சரிவில் செடி நட்டு, கொழுந்து பறித்ததில் பெரும்பங்கு தமிழர்களுடையது. மலாயாத் தோட்டங்களில் 1930களில் ஆணுக்கு ஒரு நாள் கூலி ஐம்பது காசைச் சுற்றி ஏறியும் இறங்கியும் இருந்தது, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. கூலி மறுபடி குறைக்கப்பட்ட 1938இல், உதவியோடு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. அந்தக் காலத்தில் ஒற்றைக் காசு சதுரமாக இருக்கும், முனை மழுங்கிய சதுரம். அதற்கு முந்தைய நீரிணைக் குடியேற்றக் காசில் ஐந்தாம் ஜார்ஜின் தலையைச் சுற்றி 'அரசரும் இந்தியப் பேரரசரும்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். இந்தியாவை விட்டு வந்தவர்களின் கையில் இந்தியப் பேரரசர்! அந்த எழுத்துகளைத் தேய்த்து அழித்ததில் அவர்களுக்கும் பங்கிருக்கும்.

என் பாட்டி அந்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். இப்போது பெரும்பாலும் கத்தரியும் இருவர் பிடிக்கும் இயந்திரமும் வந்துவிட்டன. பறிப்பவர்களும் பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியா என்று மாறிவிட்டார்கள். பாட்டி காலத்தில் விரல்தான். இரண்டு இலை ஒரு மொட்டு, பெருவிரலும் ஆள்காட்டி விரலும், விடிகாலைப் பெரட்டு முடிந்ததிலிருந்து எடை போடும் நேரம்வரை. இலையின் சாறு ஏறி விரல் கறுக்கும். கறுப்பு போகச் சாம்பலும் எலுமிச்சையும் வைத்துத் தேய்ப்பார்கள். ஆர்ச்சர்டின் விதி இங்கேயும் பொருந்தும். சுமை குறைவு, தூரம் அதிகம்.

சில வருடங்களுக்கு முன்பு பாட்டியின் அடையாள அட்டையை மாற்ற ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். நம் நாட்டு அட்டையில் பெருவிரல் ரேகை பதிந்திருக்கும், தெரிந்ததுதானே. முகப்பில் இருந்த கண்ணாடிப் பெட்டியில் பாட்டி வலது பெருவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. மறுபடி சிவப்பு. இடது. சிவப்பு. அலுவலர் ஈரத் தாளால் துடைத்துவிட்டு, விரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்தினார். சிவப்பு. "இந்தப் பெட்டிக்கு இன்னும் என்னா வேணுமாம்?" என்று பாட்டி என்னைக் கேட்டார். அலுவலர் கெட்டவர் இல்லை, அவருக்கு முன்னால் நீளமான வரிசை இருந்தது. கையில் எண்ணெய் தடவி ஊற வைத்துவிட்டு இன்னொரு நாள் வாருங்கள் என்றார். மூன்று முறை மலையிலிருந்து இறங்கினோம். நான்காம் முறை வேறொருவர் இருந்தார், அவர் வேறு விரலை வைத்துப் பார்த்தார். மோதிர விரலில் பச்சை விளக்கு எரிந்தது. மோதிர விரலுக்குக் கொழுந்து பறிப்பதில் வேலை கிடையாது.

கேமரன் மலைக்கு வருகிற சுற்றுலாப் பயணிகள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு செடிகளுக்கு நடுவே படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது அவர்கள் விடுமுறை, விட்டுவிடலாம். கறுப்பு வெள்ளையில் ஒரு கிழவியின் கையை எடுத்து 'உழைப்பின் அழகு' என்று தலைப்புப் போடுகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. லோபால் சேகரிப்பாளர் காசுக்குச் செய்வதை இவர்கள் மனிதருக்குச் செய்கிறார்கள். காசு தேய்ந்ததில் காசுக்கு நட்டம் ஒன்றுமில்லை. தேயாமல் இருக்க வேண்டும் என்ற ஆசை அதற்குக் கிடையாது, அது புழங்குவதற்காகவே அடிக்கப்பட்டது. பாட்டி புழங்குவதற்காகப் பிறக்கவில்லை. அந்த ரேகை அவருடையது. அது போனதற்கு ஈடாக யாரும் எதுவும் கொடுக்கவில்லை, கூலி இலையின் எடைக்குத்தான். காசில் அழகாக இருக்கும் தேய்மானம் கையிலும் அழகு என்று சொல்வது ஒரு பொருளின் நியாயத்தை ஆளுக்குப் பொருத்துவது. ஷெல்டன் செய்ததும் ஏறத்தாழ இதுதானே?

அப்படியென்றால் எனக்கு வந்த அந்த மரியாதை எதன் மீது? இவர்களுடைய ரசனை மீது இல்லை. அவர்கள் கட்டுப்பட்டிருக்கும் அந்த விதியின் மீது. வாசிக்க முடியவில்லை என்று தரம் மறுப்பதற்கு முன்னால் ஒருவர் அந்தக் காசைக் கையில் எடுத்து, விளக்கைத் தாழ்வாகச் சாய்த்து, காசைத் திருப்பித் திருப்பி, நிழல் எங்கே விழுகிறது என்று தேட வேண்டும். மேலிருந்து நேராக விழும் வெளிச்சத்தில் வழுவழுப்பாகத் தெரியும் இடத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு 9இன் வால் தெரியும். 1 என்ற எண் ஒரு அவமானச் சீட்டு போலத் தோன்றினாலும், உண்மையில் யாரோ ஒருவர் கடைசிவரை பார்த்தார் என்பதற்கான அத்தாட்சி. தேய்ந்ததை வாசிக்க வேண்டிய பொறுப்பு வாசிப்பவருடையது, தேய்ந்ததனுடையது இல்லை. அந்த அலுவலக முகப்பில் இது தலைகீழாக இருந்தது. தன்னை வாசிக்க வைக்கும் வேலை பாட்டியுடையதாகிவிட்டது.

ஆண்டு தெரியாவிட்டால் இடமில்லை என்ற விதி மனிதர்கள் மீதும் நடந்திருக்கிறது. தோட்டங்களில் பிறப்பைப் பதியாமல் விட்ட குடும்பங்கள் எத்தனையோ. 1957க்குப் பிறகு குடியுரிமைக்கு ஆதாரம் காட்ட முடியாதவர்கள், விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள், எவனாவது கங்காணி பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிட்டவர்கள் சிவப்பு அட்டையோடு நின்றார்கள். 1968இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி வாங்க வேண்டும் என்றது. ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி, பார்த்தே இராத ஊர்களுக்குத் 'திரும்பி'ப் போனார்கள். சிவப்பு அட்டையோடு இங்கேயே செத்தவர்களும் உண்டு. எங்கே பிறந்தார்கள் என்று தோட்டத்தில் கேட்டிருந்தால் பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். எந்த மழைக்காலம், எந்த லயம், யார் பிரசவம் பார்த்தது என்று. அந்த விளக்கைச் சாய்த்துப் பிடிக்க ஆள் இல்லை.

பிடித்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தமிழிலேயே உதாரணம் இருக்கிறது. சங்ககாலப் பாண்டியர்களின் செப்புக் காசுகள் சதுரமானவை. பெரும்பாலும் அரித்தும் தேய்ந்தும்தான் கிடைக்கும். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் அப்படி ஒரு காசில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயரைக் கண்டார். பாட்டுகளில் மட்டுமே இருந்த ஒரு பெயர் உலோகத்தில் வந்து உட்கார்ந்தது. சங்க காலத்தின் நிஜம் பற்றி எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறோம். ஒருவர் உட்கார்ந்து ஒரு அழுக்குச் சதுரத்தைச் சுத்தம் செய்து பார்த்தது அந்தச் சண்டையில் நல்ல ஒரு வாதமாக இன்றும் நிற்கிறது.

இனி இந்த மாதிரிக் காசுகள் வராது என்பதையும் சொல்ல வேண்டும். 2008 ஏப்ரலில் கடைகளில் ஐந்து காசுக்கு முழுமையாக்கும் முறை வந்த பிறகு ஒற்றைக் காசைக் கண்ணில் காண முடிவதில்லை. மற்ற சில்லறைகளும் போத்தலில் தூங்குகின்றன. நாம் கைபேசியைத் தட்டிப் பணம் கொடுக்கிறோம். 2012இல் வந்த புதிய வரிசைக் காசுகள் நூறு வருடம் ஆனாலும் 1ஐத் தொடப்போவதில்லை. நேப்பாளத்திலிருந்து வந்து இப்போது அதே சரிவில் வேலை செய்பவரின் விரல் தேய்கிறது, அவருக்கு வரும் கூலி எதையும் தேய்ப்பதில்லை. நேராக வங்கிக் கணக்குக்குப் போய்விடுகிறது.

பாட்டியின் மைலோ டின்னில் ஏழு சதுரக் காசுகள் இருந்தன, இப்போது என்னிடம். ஆறில் ஆண்டு தெரிகிறது. ஏழாவதில் 1, 9, அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் 0. 1920ஆக இருந்தால் நீரிணைக் குடியேற்றக் காசு, தலை ஐந்தாம் ஜார்ஜுடையது. 1940 என்றால் மலாயாக் காசு, ஆறாம் ஜார்ஜ். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. எடை போட்டும் பயனில்லை, எவ்வளவு போயிருக்கிறது என்று யாருக்குத் தெரியும். ஐந்தாம் ஜார்ஜுக்குத் தாடி உண்டு, ஆனால் இந்தக் காசில் தாடை இருக்க வேண்டிய இடமே இல்லை. டூல்மேக்கர் அண்ணன் 1940 என்கிறார். எனக்கு ஓரத்தில் இரண்டு 'எஸ்' மாதிரித் தெரிவதால் 1920 என்று தோன்றுகிறது. பாட்டியிடம் கொடுத்தேன். பெருவிரலால் ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா வச்சிருந்தது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். சனிக்கிழமை ஓவர்டைம் முடிந்த பிறகு தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் நுண்ணோக்கியைக் கேட்டிருக்கிறேன். அதில் பக்கவாட்டு விளக்கு இருக்கிறது.